இரண்டாவது கம்ப்யூட்டரின் சத்தம்

லிஃப்ட்காரருக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. நாற்காலி என்பது பிறருக்காகச் செய்யப்பட்ட சாமான் என்று நினைப்பவர். சாப்பாட்டு மேசையில் அமர்ந்தாலும் ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். டிவி பார்க்கிறேன் என்று வந்தால் ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரிகளை உருட்டிவிட்டு, மறுபடி மூடுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடி திறப்பார். "அந்த மூடி உங்களை என்னங்க பண்ணிச்சு?" என்று மனைவி கேட்பாள். அவர் பதில் சொல்ல மாட்டார். பாதி அவருடைய சுபாவம். மீதிப் பாதி, கேள்வியே காதில் சரியாக விழுந்திருக்காது.

இது வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருக்கு மட்டும் தெரியும்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். உயரமான கட்டடங்களில் மொட்டை மாடிக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், லிஃப்டின் மோட்டாருக்கென்று ஒரு சின்ன அறை இருக்கும். குடியிருப்பவர்கள் ஒருவர்கூட எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட அறைகளில்தான் அவருடைய வயது கழிந்தது. ஓடுகிற மோட்டாரின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கம்பெனியில் அவருக்குப் பெயரே 'காது'. "காதை அனுப்பி வைங்க" என்று ஃபோன் வரும். சத்தம் தாக்காமல் இருக்க கம்பெனி கொடுத்த காதடைப்பான்கள் சட்டைப் பையிலேயே புதிதாகக் கிடந்தன. அடைத்துக்கொண்டால் எப்படி ஐயா கேட்பது என்று அவர் மேலதிகாரியிடம் நியாயம் பேசினார். மேலதிகாரியும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

அவர் வாழ்க்கையில் ராக்கெட் வந்து சேர்ந்ததும் லிஃப்ட் வழியாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு குடியிருப்பில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பல்டாக்டர், கையில் ஆள் உயரத்துக்கு ஒரு குழாய். கதவை விலக்கி அவரை மேலே இழுத்தபோது, "முதல்ல இதைப் பிடிங்கண்ணே, நான் அப்புறம் வர்றேன்" என்று குழாயை நீட்டினார் டாக்டர். இந்த மனிதருக்குத் தலையில் ஏதோ கோளாறு என்று லிஃப்ட்காரர் நினைத்தார். குழாய் ஒரு ராக்கெட் என்று தெரிந்ததும், அன்று மாலையே குடும்பத்தோடு டாக்டர் ராக்கெட் விடுகிற மைதானத்தில் போய் நின்றார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள், முதல் ராக்கெட் சீறிக்கொண்டு மேலே போனதும் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "நமக்கும் ஒண்ணு" என்றாள். கதை அங்கே பிடித்துக்கொண்டது.

பொழுதுபோக்கு ராக்கெட் என்றால் வாணவெடி என்று நினைத்துவிடக் கூடாது. மேலே போவது சுலபம், எரிமருந்து அடைத்த மோட்டார் பார்த்துக்கொள்ளும். கீழே வருவதுதான் பாடு. உச்சிக்குப் போனதும் சரியான நொடியில் பாராசூட் வெளியே வர வேண்டும். அதற்காகக் குழாயின் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும். காற்றின் அழுத்தத்தை அளந்து அளந்து, இதற்குமேல் ஏறவில்லை என்று தெரிந்ததும் ஒரு திரிக்கு மின்சாரம் அனுப்பும். திரி சிட்டிகை மருந்தைக் கொளுத்தும். மருந்து வெடிக்கிற வேகத்தில் மூக்குப் பகுதி கழன்று பாராசூட் வெளியே தள்ளப்படும். பாதி உயரத்துக்கு இறங்கியதும் இன்னொரு திரி, இன்னொரு பெரிய பாராசூட். கம்ப்யூட்டர் கண்ணயர்ந்தால் ராக்கெட் ஈட்டியாகத் தரையில் பாயும். கீழே யார் நிற்கிறார்கள் என்று அது பார்க்காது.

இந்த வயரிங் வேலைதான் லிஃப்ட்காரருக்கு வெல்லக்கட்டி. கிளம்புகிற உதைப்பில் பேட்டரி ஒரு கணம் நகர்ந்தாலும் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும்; எழுந்ததும் தரையில்தான் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்ளும். அதனால் பேட்டரியைப் பலகையோடு சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவார். ஸ்க்ரூவுக்கு அடியில் போகிற வயர் நுனிகளுக்கு ஈயம் வைக்க மாட்டார். ஈயம் வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் நாள்பட நசுங்கிப் பிடி தளர்ந்துவிடும். வெறும் செம்பு இழைகளை முறுக்கி, நுழைத்து, இறுக்கி, ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். ஒரு கம்ப்யூட்டரை நம்ப மாட்டார். இரண்டு வைப்பார். இரண்டுக்கும் தனித்தனிப் பேட்டரி, தனித்தனி சுவிட்ச். சுவிட்ச் என்பது பலகையில் பதித்த ஒரு நட்டும் அதில் போகிற ஒரு குட்டி ஸ்க்ரூவும்தான். குழாயின் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு, முட்டும்வரை திருகினால் உயிர் வரும். வெளியே திருகினால் அடங்கும்.

உயிர் வந்த கம்ப்யூட்டர் சத்தம் போடும். இரண்டு திரியும் சரியாக இணைந்திருந்தால் மூன்று முறை 'பீப்', ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. ஒன்று மட்டும் சரி என்றால் மூன்றுக்குக் குறையும். குழாய்க்குள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவருக்குத் தெரிய அந்தச் சத்தம் ஒன்றே வழி.

மைதானத்தில் பல்டாக்டர் வைத்தது சட்டம். கம்ப்யூட்டரை எழுப்பும் நேரத்தில் ராக்கெட்டின் அருகே இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். ஒருவர் சொந்தக்காரர். இன்னொருவர் 'கேட்பவர்'. கேட்பவர்தான் துளையில் காது வைத்து எண்ணிச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் தன் ராக்கெட்டுக்குத் தானே கேட்பவராக இருக்க முடியாது. ஆசைப்பட்டவன் காதுக்கு இல்லாததும் கேட்கும் என்பார் டாக்டர். மற்ற எல்லோரும் தள்ளிக் கட்டியிருக்கும் கயிற்றுக்கு அந்தப் பக்கம். யார் ராக்கெட்டாக இருந்தாலும் கேட்பவர் யார் என்ற பேச்சே வராது. காது இருக்கும்போது வேறு காது எதற்கு?

மகள் வளர்ந்து இப்போது ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறாள். ஊரின் மறுகோடியில் தனி வீடு, மாறி மாறி வரும் ஷிஃப்ட். ஃபோனில் அப்பாவைக் கேட்பாள். அவர் "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவார், ஏனென்றால் ஃபோனில் அவள் பேசுவது ஈரத்துணிக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. அப்பாவுக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா அதை அப்படியே இவரிடம் சொல்லி, கூடவே தன் பங்கையும் சேர்த்துத் திட்டியிருக்கிறாள். அவர் திட்டை வாங்கிக்கொண்டார். அக்கறையில்லாத அப்பன் என்ற பெயரைச் சுமந்துவிடலாம். செவிட்டு அப்பன் என்ற பெயர்தான் தொண்டையில் நின்றது. காது போன 'காது' என்றால் கம்பெனியில் சிரிப்பார்கள், அது போகட்டும். கயிற்றுக்கு இந்தப் பக்கம், மகளோடு தோள் உரச நிற்கிற அந்த இடம் போய்விடுமே. அங்கே அவள் அவருடைய முகத்துக்கு அருகில் வந்து பேசுவாள். அங்கேதான் அவருக்கு அவள் சொல்வது முழுசாகக் கேட்கும்.

முதலில் போனது ஜுரமானியின் சத்தம். பிறகு துணி துவைக்கிற மெஷின் வேலை முடிந்ததும் போடுகிற கூவல். ஜன்னலோரம் குருவிகள் வருவது நின்றுபோயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பார்த்தால் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. உயர்ந்த சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டன. நல்லவேளையாக அவர்கள் வைத்திருந்த கம்ப்யூட்டர் பழைய ரகம், தொண்டை கட்டியவனைப் போல் கரகரக்கும். அது கேட்டது. மற்றவர்களுடையதும் பெரும்பாலும் அதே ரகம். காலம் ஓடியது.

வினை புது கம்ப்யூட்டரில் வந்தது. மகள் பெரிய மோட்டார் வாங்க அனுமதி கேட்டிருந்தாள். அதற்கு ஒரு பரீட்சை உண்டு: ஒரு பெரிய ராக்கெட்டைத் தன் பெயரில் பறக்கவிட்டு, உடையாமல் இறக்கிக் காட்ட வேண்டும். அதற்காகப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, மருந்தில்லாத இரண்டு வெறும் திரிகளையும் பேட்டரியையும் இணைத்தாள். உடனே முகத்தைச் சுளித்தாள்.

"என்னப்பா இது, காதைத் துளைக்குது."

லிஃப்ட்காரர் பலகையைப் பார்த்தார். அது பேசாமல் கிடந்தது. மகளின் முகம் மட்டும் மூன்று மூன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றார். "கொஞ்சம் அதிகம்தான்."

அவள் போன பிறகு அதை எடுத்து விரல் நுனியில் பிடித்துப் பார்த்தார். துடித்தது. பல்லில் கடித்துப் பார்த்தார். மண்டைக்குள் மூன்று முறை தெளிவாக அடித்தது. சமையலறையிலிருந்து வந்த மனைவி, வாயில் கம்ப்யூட்டரோடு நிற்கிற கணவனைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். இத்தனை வருஷ சம்சாரத்தில் அவள் எதையெல்லாமோ பார்த்துவிட்டாள்.

குழாய்க்குள் போய்விட்டால் பல்லுக்கு எட்டாது. சத்தம் வருகிற கம்பிகளோடு ஒரு சின்ன விளக்கைச் சேர்த்துப் பார்த்தார். 'பீப்'புக்கு ஒரு மினுக்கல். "இது எதுக்குப்பா?" என்று மகள் கேட்டதற்கு, "அழகுக்கு" என்றார். மொட்டை மாடியில் மத்தியான வெயிலில் துளைக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு மண்ணும் தெரியவில்லை. கழற்றி எறிந்தார். காது டாக்டரிடம் போகலாம், காதில் ஒரு கருவி வைப்பார்கள். ஆனால் காதில் கருவி வைத்தவனை யார் கேட்பவனாக நிறுத்துவார்கள்? அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பரீட்சை முடியட்டும், இந்த ஒரு தடவை மட்டும் என்று தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். காதால் உறுதி செய்ய முடியாததைக் கையால் உறுதி செய்யப் பார்த்தார். பட்டறை மேசையில் இரண்டாவது சுவிட்சின், அதாவது புதிய கம்ப்யூட்டருடைய சுவிட்சின், ஸ்க்ரூவை முட்டும்வரை திருகுவார். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கால் சுற்று. மறுநாள் மறுபடி. காது கேட்கிறவன் 'பீப்' வந்ததும் கையை எடுத்திருப்பான். இவருக்கு எங்கே எடுப்பது என்று தெரியவில்லை.

பரீட்சை நாள் ஞாயிறு. காரில் போகும்போதே லிஃப்ட்காரர் சீட் பெல்ட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். பின்சீட்டில் மனைவி, குடை, மடக்கு நாற்காலி, குறுக்கெழுத்துப் பத்திரிகை சகிதம். "யாருக்குப் பரீட்சைன்னே தெரியல," என்றாள். ஓட்டிக்கொண்டிருந்த மகள் சிரித்தாள். அவள் ஏதோ சொன்னாள், காற்றில் போய்விட்டது. அவர் பொதுவாகத் தலையாட்டி வைத்தார்.

மைதானத்தில் வெயிலும் காற்றும் சரிக்குச் சரியாக இருந்தன. ராக்கெட்டை ஏவுவதற்கான கம்பியில் ஏற்றி நிமிர்த்தினார்கள். மகள் கீழே குனிந்து மோட்டாருக்கான கிளிப்புகளை மாட்டினாள். லிஃப்ட்காரர் முதல் துளையில் ஸ்க்ரூடிரைவரை விட்டார். கரகரக் குரல் எழுந்தது, மூன்று. இரண்டாவது துளை. திருகினார், முட்டியது. காது வைத்தார். காற்றின் இரைச்சல்தான். இன்னும் கால் சுற்று. இன்னும் கொஞ்சம். விரலுக்குள் ஏதோ 'களுக்' என்று நெகிழ்ந்தது. எடுத்துவிட்டார்.

"ரெண்டும் மூணு," என்று கயிற்றுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்து சொன்னதில்லை.

கயிற்றுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பல்டாக்டர் இறங்குமுகமாக எண்ணினார். பொத்தான் அமுங்கியது. ராக்கெட்டின் அடியில் கொஞ்சம் புகை வந்தது, அவ்வளவுதான். மோட்டார் பிடிக்கவில்லை. இதெல்லாம் சகஜம், அடியில் வைக்கிற கொளுத்தி சில சமயம் சொதப்பும். சட்டப்படி கொஞ்ச நேரம் காத்திருந்து, முதலில் கம்ப்யூட்டர்களை அடக்கி, கேட்பவர் காது வைத்து 'அமைதி' என்று சொன்ன பிறகுதான் ராக்கெட்டில் கை வைக்க வேண்டும். ஏனென்றால் கம்ப்யூட்டர் விழித்திருக்கும்போது மூக்கைப் பிரித்தால், உள்ளே காற்றழுத்தம் சட்டென்று மாறி, உச்சிக்கு வந்துவிட்டோம் என்று அது நினைத்துக்கொள்ளலாம். மருந்து பிரிக்கிறவர் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

அப்பாவும் மகளும் போனார்கள். முதல் ஸ்க்ரூவை வெளியே திருகினார். கரகரப்பு நின்றது. இரண்டாவதைத் திருகினார். ஸ்க்ரூ வழுக்கிக்கொண்டு சுற்றியது, தேவைக்கு மேல் சுலபமாக. கைக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், மகள் காத்துக்கொண்டிருக்கிறாள். துளையில் காது வைத்தார். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதானே வேண்டும்.

"அமைதி," என்றார்.

மகள் ராக்கெட்டைச் சாய்த்து, கொளுத்தியை மாற்றுமுன் உள்ளே இருக்கும் மருந்தை எடுத்துவிட, மூக்குப் பகுதியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து முறுக்கத் தொடங்கினாள். கன்னம் குழாயில் பட்டது. அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா."

"என்ன?"

"இது கத்திட்டிருக்கு."

"அணைச்சிட்டேனே."

"உங்க மூக்குக்கு நேராக் கத்துதுப்பா. மூணு மூணா. கேக்கலையா?"

மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதில் ஃபோனில் பேசாத அப்பாவும், 'கொஞ்சம் அதிகம்தான்' என்ற அப்பாவும், அழகுக்கு வைத்த விளக்கும் வரிசையாக வந்து நின்றதை அவர் கண்ணெதிரே பார்த்தார். வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். எக்ஸ்ரே மெஷினைப் பிடிக்கிற அந்தக் கைகள், மருந்துக்கு நேர் மேலே. இத்தனை வயதில் அவர் செய்த தப்புகளில் இதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றுமில்லை.

"கையை எடு," என்றார். "மெதுவா. மூக்கைத் திருப்பாத. எனக்குப் பின்னால வந்துரு."

அவள் கையை எடுத்தாள். ஆனால் பின்னால் போகவில்லை. பக்கத்தில் வந்தாள்.

"நீங்க அணைங்க. நான் கேக்குறேன்."

என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று இறுக்கிய ஒவ்வொரு கால் சுற்றும் சேர்ந்து, பலகையில் பதிந்திருந்த நட்டைப் பெயர்த்துவிட்டன. ஸ்க்ரூவும் நட்டும் ஒன்றாகச் சுற்றுகின்றன, பிரியவே இல்லை. நட்டை ஒரு பக்கமாக நெம்பிப் பிடித்துக்கொண்டுதான் ஸ்க்ரூவை வெளியே எடுக்க வேண்டும். ஒரு துளை வழியாக இரண்டு கருவி. பிரிந்ததா இல்லையா என்று சொல்ல, காது.

மகள் துளையோரம் குனிந்தாள். அவருடைய இடது மணிக்கட்டில் தன் விரலை வைத்தாள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை கத்தும்போதும் விரலால் தட்டினாள். மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. லிஃப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நட்டை நெம்பினார். வழுக்கியது. மூன்று தட்டு. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையில்லை. மறுபடி நெம்பி, அழுத்தி, அரைச் சுற்று திருப்பினார். மூன்று தட்டு. இன்னும் அரைச் சுற்று. ஒரு தட்டு.

அப்புறம் விரல் அசையவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். நெடுநேரம் கழித்துத் தலையாட்டினாள்.

"என்னண்ணே, அமைதின்னீங்க, இவ்வளவு நேரம்?" கயிற்றுப் பக்கமிருந்து பல்டாக்டர் கையைக் குவித்துக் கத்தினார். "எதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க," என்றாள் மகள், அவர் காதருகே. "சுவிட்ச் மக்கர் பண்ணிச்சு, அவ்வளவுதான். யாருக்கும் தெரிய வேணாம். நான் பாத்துக்கிறேன்."

பூசி மெழுகியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவளுடைய கைகளைப் பார்த்தார்.

"டாக்டர்," என்றார். தன் குரலின் அளவு தெரியாமல் மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "இப்பதான் அமைதி. முன்னாடி சொன்னது பொய். அவதான் கேட்டா. எனக்கு அந்தச் சத்தம் கேக்கறதே இல்ல. ரொம்ப நாளா."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் பேசவில்லை, அல்லது பேசியது அவருக்குக் கேட்கவில்லை. இருவரும் ராக்கெட்டை இறக்கித் தூக்கிக்கொண்டு நிழலுக்கு வந்தபோது பல்டாக்டரின் முகம் சிவந்திருந்தது.

"போன தடவை என்னோடதுக்கும் நீங்கதானேண்ணே காது வச்சீங்க?"

"உங்களோடது பழசு. அது கேட்டுச்சு."

"மத்ததெல்லாம்?"

லிஃப்ட்காரர் ராக்கெட்டைக் கீழே வைத்தார். டாக்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அவருக்குக் கோபப்பட எல்லா உரிமையும் இருந்தது.

மனைவி குடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றாள். "கூப்பிட்டாத் திரும்பாததெல்லாம் இதுதானா? நான் திமிருன்னுல்ல நெனச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு திட்டியிருப்பேனா?"

"திட்டுறது கேட்டுச்சு," என்றார்.

அவள் சிரிக்கப் போய் அழுதாள். அப்புறம் மகளின் கைகளைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அந்த இடத்தில் லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

உட்கார்ந்து யோசிக்க அவரால் முடியாது. பலகையை வெளியே எடுத்தார். பெயர்ந்த நட்டைப் பிடுங்கிப் போட்டார். ஸ்க்ரூ, நட்டு எதுவும் வேண்டாம். சுவிட்சின் இரண்டு வயரையும் நீளமாகத் துளை வழியாக வெளியே கொண்டுவந்தார். கையால் முறுக்கினால் உயிர், பிரித்தால் அமைதி. முறுக்கிய பிறகு ஒட்டி உள்ளே தள்ளிவிடலாம். கண்ணுக்கே தெரியும். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். வேலை நடக்கும்போது அவருடைய கால் மேசையை இடைவிடாமல் உதைத்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

பல்டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "காத்து ஏறுறதுக்குள்ள வேற கொளுத்தி வச்சு இன்னொரு தடவை பாக்கலாம். கேக்குறதுக்கு நான் நிக்கிறேன்."

"வேணாம் டாக்டர்," என்றாள் மகள். "கேக்குறது நான்."

"சொந்தக்காரர் கேக்கக் கூடாதும்மா. உனக்குத் தெரியும்."

"நான் சொந்தக்காரி இல்ல. ராக்கெட் அப்பாவோடது. அவர் பேர்ல பறக்கட்டும். அப்போ அவர் அங்க நிக்கலாம்ல?"

பல்டாக்டர் லிஃப்ட்காரரைப் பார்த்தார். சட்டப்படி அதில் தப்பில்லை. அவள் பரீட்சை மட்டும் போகும்.

மறைத்து மறைத்து எந்த இடத்துக்காக லிஃப்ட்காரர் பொய் சொன்னாரோ, அந்த இடத்தை அவள் தன் கையிலிருந்ததைக் கொடுத்து வாங்கித் தருகிறாள். வேண்டும் என்று உடம்பெல்லாம் சொல்லியது.

"போம்மா," என்றார். "உன் ராக்கெட் உன்னோடது. டாக்டர் நல்லாக் கேப்பார். நான் அம்மாகிட்ட இருக்கேன்."

"அப்பா..."

"காத்து ஏறுது. போ."

பலகையை அவளிடம் கொடுத்துவிட்டு நடந்தார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போனார். மனைவி குடையை அவர் பக்கமாகச் சாய்த்தாள். உட்காரச் சொன்னாள். அவர் நின்றார். பிறகு நடந்தார், திரும்பினார், மறுபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தூரத்தில் இருவரும் சின்னதாகத் தெரிந்தார்கள். மகள் வயர்களை முறுக்குவது தெரிந்தது. பல்டாக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அவர் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று, துளையில் காது வைத்தார். லிஃப்ட்காரர் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். டாக்டர் நிமிர்ந்து மகளிடம் ஏதோ சொன்னார்.

மகள் கயிற்றுப் பக்கம் திரும்பினாள். தேடி, அவரைக் கண்டுபிடித்து, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, மூன்று விரல்களை விரித்துக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டார் என்று தெரியும்வரை இறக்கவில்லை.

"என்னங்க காட்டுறா?" என்று மனைவி கேட்டாள், அவருடைய காதுக்குப் பக்கத்தில் வந்து.

"கேக்குதாம்," என்றார் லிஃப்ட்காரர்.